புயல் வருகிறது, வீட்டில் ரேடியோ இருக்கிறதா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ரேடியோவுக்கு என்ன வேலை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்து, கையில் ஒரு ஸ்மார்ட்போனும் வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இவை எல்லாம் வீட்டுக்குள் வந்ததும் முதலில் பரணுக்குப் போன பொருள் ரேடியோ. என் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. அதனால் வந்த வினையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அரியலூர் மாவட்டம் செந்துறை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் ஒரு வீட்டின் மாடியில் நண்பர்களுடன் குடியிருந்தேன். டிசம்பர் 3 இரவு பிடித்த மழை 4-ம் தேதி முழுவதும் கொட்டியது. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மூன்று லேப்டாப், நான்கு செல்போன், இரண்டு பவர் பேங்க், பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று, எல்லாம் இருந்தன. மதியத்துக்குள் செல்போனில் சிக்னல் போய்விட்டது. அதன் பிறகு அத்தனையும் வெறும் கண்ணாடித் தட்டுகள்தான்.

சாயங்காலம் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் போன இருவர், "செம்பரம்பாக்கம் ஏரி உடைஞ்சிடுச்சு, மாடிக்கும் தண்ணி வரும், ஓடுங்க" என்று கத்திக்கொண்டே போனார்கள். உண்மையா என்று பார்க்க எங்களிடம் எந்த வழியும் இல்லை. கீழ் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். அவரை அப்போதுதான் எங்கள் மாடிக்கு அழைத்து வந்திருந்தோம். மாடியும் முழுகிவிடும் என்று பயந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி இறங்கினோம். மழைநீர்க் கால்வாயின் மூடி ஒன்று விலகியிருந்தது தண்ணீருக்கு அடியில் தெரியவில்லை. என் கால் உள்ளே போனது. நாற்காலி சாய்ந்து பாட்டி தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். உடனே தூக்கிவிட்டோம். ஆனால் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

ஏரி உடையவே இல்லை. செம்பரம்பாக்கத்தில் உபரி நீரைத்தான் திறந்துவிட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரும் அடையாற்றில் போய்ச் சேரும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் பக்கம் வடிகிறது. இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

6-ம் தேதி சிக்னல் வந்ததும் செந்துறைக்குப் போன் செய்தேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏரி ஒடைஞ்சுதுன்னு ரேடியோவுல ஒண்ணும் சொல்லலையே தம்பி? உபரித் தண்ணி தொறந்து விடறாங்கன்னுதான் சொன்னாங்க" என்றார். இருநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவருக்கு, பேட்டரிக் கட்டை போட்ட பழைய ரேடியோவில் தெரிந்த விஷயம், சென்னையிலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை.

செல்போன் ஏன் கைவிடுகிறது?

செல்போன் டவரில் பேட்டரி இருக்கும். அது சில மணி நேரத்துக்குத் தாங்கும். பிறகு ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். ரோடு முழுகிவிட்டால் டீசல் போகாது. டவர் உயிரோடு இருந்தாலும் ஊரே ஒரே நேரத்தில் போன் செய்தால் இணைப்பு கிடைக்காது. வீட்டு இன்டர்நெட்டுக்கு மோடம், தெருவிலுள்ள பெட்டி, கம்பத்தில் தொங்கும் கேபிள் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பல கண்ணிகள் உண்டு. ஒன்று அறுந்தாலும் முடிந்தது கதை.

கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் யு.பி.எஸ். கைகொடுக்காதா என்று கேட்பீர்கள். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கம்ப்யூட்டரை ஒழுங்காக மூடுவதற்குத் தேவையான பத்து, பதினைந்து நிமிடத்துக்காக வைத்தது அது. இரண்டு நாளுக்கு ஆகாது.

ரேடியோவில் நிலைமை வேறு. பேசுபவர் இருக்கும் இடத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர் ஓடினால் போதும். நடுவில் யாரும் தேவையில்லை. ஒரு லட்சம் பேர் கேட்டாலும் ஒருவர் கேட்டாலும் அதற்கு ஒரே சுமைதான்.

ஒரு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். செல்போனில் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் போன்ற ஆப் போட்டு வானொலி கேட்கலாம். நல்ல ஆப்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது இன்டர்நெட் வழியாக வருவது. நெட் போனால் அதுவும் போய்விடும். செல்போனுக்குள் நிஜமான எஃப்.எம். ரேடியோ இருந்தால் அது வேறு விஷயம். ஒயர் வைத்த ஹெட்போனைச் செருகினால் அந்த ஒயரே ஏரியலாக வேலை செய்யும். புதிய போன்கள் பலவற்றில் ஹெட்போன் செருகும் துளையே இல்லை, எஃப்.எம்.மும் இல்லை. இதைக் கைவிட வேண்டாம் என்று 2023-ல் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. உங்கள் போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு எஃப்.எம். கேட்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கேட்டால், புயல் நாளில் அதுவும் ஓர் உதவி. ஆனால் போனின் சார்ஜ் பேசுவதற்கும் தேவைப்படும் என்பதை மறக்கக் கூடாது.

நான் வாங்கி ஏமாந்த ரேடியோ

பாட்டியின் கைக்கட்டு பிரிப்பதற்குள் ஆன்லைனில் உட்கார்ந்து 'எமர்ஜென்சி ரேடியோ' என்று தேடினேன். பார்க்கவே ஆசையாக இருந்தது. ஆரஞ்சு நிறம், பக்கத்தில் சுழற்றும் கைப்பிடி, தலையில் சோலார் பலகை, டார்ச், அபாயச் சங்கு, செல்போன் சார்ஜ் செய்யும் துளை, டிஜிட்டல் எண் காட்டும் திரை. அதோடு 'வானிலை எச்சரிக்கை' என்று தனியாக ஒரு பட்டன். சென்னைக்கு ஒன்று, செந்துறைக்கு ஒன்று என்று இரண்டு வாங்கினேன். 2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் பெருமையாகக் கொடுத்தேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் செய்தது, திருச்சி வானொலியைத் தேடியதுதான். மத்திய அலையில் திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். என் ரேடியோவில் எண் 930-ல் நின்றது. அடுத்து அழுத்தினால் 940. 936 வரவே இல்லை. இரண்டிலும் யாரோ தலையணைக்கு அடியிலிருந்து பேசுவது போல் நசுங்கிய குரல் கேட்டது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊருக்குச் செஞ்சது இல்ல தம்பி" என்று சொல்லி என்னிடமே நீட்டினார்.

அவர் சொன்னது சரி. மத்திய அலையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது உலகம் முழுக்க ஒன்றாக இல்லை. அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்ஸ். இந்தியா உட்பட ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் 1975-ல் ஜெனீவாவில் செய்த ஒப்பந்தப்படி 9 கிலோஹெர்ட்ஸ். நம் நிலைய எண்களை 9-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. 936 என்றால் 104. சென்னையின் 720 என்றால் 80. அமெரிக்காவுக்காகச் செய்த டிஜிட்டல் ரேடியோ பத்துப் பத்தாகத் தாவும். 720 இரண்டு கணக்கிலும் வருவதால் சென்னையில் எனக்குக் குறை தெரியவில்லை. 936-ல்தான் குட்டு உடைந்தது. நல்ல டிஜிட்டல் ரேடியோக்களில் 9, 10 என்று மாற்ற வழி இருக்கும். நான் வாங்கியதில் இல்லை. எஃப்.எம்.மிலும் இப்படி ஒரு வம்பு உண்டு. அமெரிக்க எஃப்.எம். நிலையங்கள் எல்லாம் ஒற்றைப்படை தசமத்தில் முடியும். அதற்கென்றே செய்த சில ரேடியோக்கள் 101.3, 101.5 என்று தாவும். சென்னை ரெயின்போவோ 101.4-ல் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் ரேடியோ கொண்டுவருகிறேன் என்றால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முள் நகரும் பழைய மாடல் ரேடியோவுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. திருகினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும்.

அடுத்து அந்த 'வானிலை எச்சரிக்கை' பட்டன். ஆன்லைன் விளம்பரங்களில் என்.ஓ.ஏ.ஏ. என்றோ டபிள்யூ.பி. என்றோ போட்டிருப்பார்கள். அமெரிக்க அரசின் வானிலைத் துறை 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இரவு பகலாக வானிலை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடிப்பதற்கான பட்டன் அது. இந்தியாவில் அதை அழுத்தினால் புஸ் என்று சத்தம்தான் வரும். நம் ஊரில் புயல் எச்சரிக்கை சாதாரண வானொலி நிலையத்தில், செய்தியிலும் இடையிடையேயும்தான் வரும். அந்தப் பட்டனுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கைப்பிடி? அதைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. செல்போன் பேட்டரி 5,000 எம்.ஏ.எச். என்றால் அதில் சுமார் 19 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. கையால் சுழற்றினால் விரயம் போகக் கிடைப்பது 2 வாட் என்று வையுங்கள். போன் முழுக்க சார்ஜ் ஆக ஏறக்குறைய பத்து மணி நேரம் விடாமல் சுற்ற வேண்டும். நான் இருபது நிமிடம் சுற்றினேன். போனில் மூன்று சதவீதம் ஏறியது, தோள் இறங்கிவிட்டது. ரேடியோவுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. குறைந்த சத்தத்தில் அதற்கு 0.2 வாட் போதும். ஒரு நிமிடம் சுற்றினால் பத்து நிமிடம் கேட்கலாம். எல்லாம் தீர்ந்த பிறகு கடைசிக் கையிருப்பாக அது நல்லதுதான். சோலார் பலகையோ உள்ளங்கை அளவு. புயல் நாளில் சூரியன் எங்கே வரப் போகிறது?

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றைக் கடைசியில்தான் கவனித்தேன். உள்ளே இருந்த பேட்டரியை வெளியே எடுக்க முடியாது. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்து அது செத்துப்போனால் ரேடியோவும் போச்சு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஸ்பீக்கரும் இப்படித்தான். அதில் எஃப்.எம். இருக்கும், மத்திய அலை இருக்காது. சிலவற்றில் சார்ஜ் ஒயரே ஏரியல் என்பதால் ஒயரைச் செருகினால்தான் நிலையம் வரும். பாட்டுக் கேட்க வாங்குங்கள், புயலுக்கு நம்பி வாங்காதீர்கள்.

எஃப்.எம்.மா, மத்திய அலையா?

இரண்டும் வேண்டும். ஏன் என்பதற்கு செந்துறையே நல்ல உதாரணம். எங்கள் ஊர் கடலோரம் இல்லை. நேர்க்கோட்டில் பார்த்தாலும் கடல் 60 கிலோமீட்டருக்கு மேல். இருந்தாலும் 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது அந்தக் காற்றை நாங்களும் பார்த்தோம். கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மழை வெள்ளம் என்றால் அரியலூர்க்காரர்களுக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். உள் மாவட்டம்தானே என்று நாம் சும்மா இருக்க முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

எஃப்.எம். அலை ஏறக்குறைய பார்வை போகும் தூரம்தான் போகும். பூமியின் வளைவு தாண்டினால் தேய்ந்துவிடும். செந்துறையிலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். காரைக்கால் சுமார் 80. புதுச்சேரி நூறுக்குச் சற்று மேல். அதனால் திருச்சியின் 102.1, காரைக்காலின் 100.3 எல்லாம் எங்கள் வீட்டில் மொட்டை மாடியில் ஒரு மாதிரியும் கூடத்தில் வேறு மாதிரியும் கேட்கும். கொடைக்கானல் எஃப்.எம். 100.5 மலை உச்சியில் இருப்பதால் அதன் வீச்சு மற்றவற்றைவிட மிக அதிகம். ஆனாலும் எங்கள் ஊருக்கு அது காற்று வாக்கில்தான் வந்து போகும்.

மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு போகும். மேடு பள்ளம், வளைவு எதுவும் அதற்குப் பெரிய தடை இல்லை. பக்கத்து ஊர் டிரான்ஸ்மிட்டர் புயலில் நின்றுபோனாலும் தூரத்து ஊர் நிலையத்தைப் பிடிக்கலாம். இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால் பல நூறு கிலோமீட்டர்கூடப் போகும். அப்பாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் முள்ளைத் திருகி தூரத்து நிலையங்களைத் தேடுவது இன்றும் பொழுதுபோக்கு.

ஆனால் மத்திய அலைக்குப் பெரிய எதிரி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், நம் அருமைக் கம்ப்யூட்டர். இவற்றின் பவர் சப்ளை மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த இரைச்சல் மத்திய அலை முழுக்கப் பரவும். மத்திய அலையை வைத்துக்கொண்டு ரேடியோவைக் கம்ப்யூட்டர் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், வண்டு கத்துவது போல் கத்தும். ரேடியோ கெட்டுவிட்டது என்று எத்தனையோ பேர் தூக்கிப் போட்டது இதனால்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதே இடத்தில் கேளுங்கள். இரைச்சல் காணாமல் போகும். அதாவது, கரண்ட் போன ஊரில் மத்திய அலை மற்ற நாட்களைவிடத் தெளிவாகக் கேட்கும். அவசரத்துக்கு உதவும் பொருள் இதைவிட எப்படி இருக்க வேண்டும்?

இன்னொரு சின்ன விஷயம். எஃப்.எம்.முக்கு மேலே இழுக்கும் கம்பி ஏரியல். மத்திய அலைக்கு அந்தக் கம்பி தேவையில்லை. பெட்டிக்குள்ளேயே ஒரு கருப்புக் குச்சியில் கம்பி சுற்றியிருக்கும், அதுதான் ஏரியல். அதற்குத் திசை உண்டு. நிலையம் மங்கலாகக் கேட்டால் கம்பியை இழுக்காமல் பெட்டியையே மெதுவாகத் திருப்புங்கள்.

சிற்றலை இருக்கும் ரேடியோ கிடைத்தால் இருக்கட்டும், அதற்காகத் தேட வேண்டாம். உள்ளூர் எச்சரிக்கை அதில் வராது. பி.பி.சி. தமிழோசையே 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு வானொலியில் நின்றுவிட்டது. மத்திய அலையிலும் கடந்த சில ஆண்டுகளில் நாட்டில் பல டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் நான் எழுதிய எண்களை அப்படியே நம்பாமல், உங்கள் வீட்டில் உங்கள் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியில் எதை வாங்கினோம்?

அதே பொங்கல் விடுமுறையில் அப்பாவும் நானும் செந்துறைக் கடைவீதிக்குப் போனோம். கடைக்காரரிடம், "அண்ணே, பேட்டரிக் கட்டை போடுற ரேடியோ இருக்கா?" என்றேன். ஏதோ காணாமல் போன பொருளைக் கேட்டது போல் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். முள் வைத்தது, எஃப்.எம்., மத்திய அலை இரண்டும் உண்டு, இரண்டு பெரிய கட்டை போட வேண்டும். "கட்டையைப் போட்டுக் கேட்டுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார். ஆன்லைனில் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். கடைக்குள் நூறு பல்பு எரிவதால் இரைச்சல். வெளியே மரத்தடிக்குக் கொண்டுபோய் திருச்சியை வைத்தோம், தெளிவாகக் கேட்டது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். என் ஆரஞ்சு ரேடியோ ஒன்றின் விலையில் பாதிகூட இல்லை.

பெரிய கட்டை ஏன் என்றால், அதில் தோராயமாக 5,000 எம்.ஏ.எச். இருக்கும். குறைந்த சத்தத்தில் இப்படிப்பட்ட ரேடியோ 60 மில்லி ஆம்பியர் எடுத்தால் எண்பது மணி நேரத்துக்கு மேல் வரும். நாளைக்கு நான்கு மணி நேரம் கேட்டால் இருபது நாள். பென்சில் செல் போடும் சின்ன ரேடியோவும் மோசம் இல்லை, சட்டைப் பையில் போகும். ஆனால் செல் சீக்கிரம் தீரும். உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் டார்ச்சும் எந்த அளவு செல்லில் ஓடுகின்றனவோ, அதே அளவில் ரேடியோவும் இருந்தால் அவசரத்துக்கு ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போடலாம். யு.எஸ்.பி. சார்ஜ், செல் இரண்டிலும் ஓடும் ரேடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. சார்ஜ் மட்டும் என்றால் வேண்டாம்.

கட்டையை ரேடியோவுக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். சாதாரண கட்டை மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து, உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும். தினம் கேட்பவருக்கு இந்தக் கவலை இல்லை. எடுத்து வைப்பவர் கட்டையைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேடியோவோடு கட்டி வையுங்கள். மழை எச்சரிக்கை வந்த பிறகு கடைக்குப் போனால் மெழுகுவர்த்தியும் கட்டையும்தான் முதலில் தீர்ந்திருக்கும்.

இப்போது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்கள் வீட்டில் பகலில் என்ன நிலையம் கேட்கிறது, இரவில் என்ன கேட்கிறது, தமிழ்ச் செய்தி எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் கேட்டு எக்செல்லில் ஒரு அட்டவணை போடுங்கள். கீழே மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, பொது அவசர எண் 112 ஆகியவற்றையும், முக்கியமான உறவினர் போன் எண்களையும் சேருங்கள். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ரேடியோவின் முதுகில் ஒட்டிவிடுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே வைத்திருந்தால் கரண்ட் போன நாளில் யார் திறந்து பார்ப்பது?

கேட்கும்போது சில வார்த்தைகள் புரிய வேண்டும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றால் இன்னும் புயலாகவில்லை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் புயல் என்பார்கள். 'துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு' என்பது கப்பல்களுக்கான எச்சரிக்கை. எண் ஏற ஏற ஆபத்து அதிகம். அந்த வரிசையில் கடைசி எண் 11. அதற்கு என்ன பொருள் தெரியுமா? வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அதைப் பத்தாம் எண்ணுக்கும் மேலே வைத்திருக்கிறார்கள்! இன்னொன்று, 'கரையைக் கடந்துகொண்டிருக்கிறது' என்று ரேடியோ சொல்லும்போது காற்று திடீரென்று அடங்கினால் வெளியே போகாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் மறுபடியும் அடிக்கும்.

அரசின் எச்சரிக்கை இப்போது செல்போனுக்கும் நேராக வருகிறது. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். அது சோதனை. தமிழக அரசின் டி.என். அலர்ட் ஆப்பும் இருக்கிறது. டவர் வேலை செய்யும்வரை இவைதான் வேகமானவை. போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டவர் போன பிறகுதான் ரேடியோ.

சிலர் வாக்கி-டாக்கி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்பது வேறு, பேசுவது வேறு. ஹாம் ரேடியோவில் பேசுவதற்குத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். அதைச் செய்தவர்கள் எவ்வளவு உதவியிருக்கிறார்கள் என்பதற்கு 2004 சுனாமியே சாட்சி. அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுதான் அந்தமானிலிருந்து பலருடைய தகவலை வெளியுலகுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆர்வமுள்ள மாணவர்கள் முயன்று பார்க்கலாம். கடலோரத்தில் இருப்பவர்கள் சமுதாய வானொலிகளையும் தேடிப் பாருங்கள். பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்காகவே தொடங்கிய கடல் ஓசை 90.4 அப்படிப்பட்டது.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நான் அதே பள்ளிக்கரணை வீட்டில்தான் இருந்தேன். செந்துறையில் வாங்கியது போலவே ஒரு ரேடியோவைப் பாட்டிக்கும் வாங்கிக் கொடுத்திருந்தேன். கை சரியான பிறகு தினமும் காலையில் பாட்டுக் கேட்பார். அன்று ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாடிப்படியடியில் நின்றுகொண்டு, "தம்பி, கரையைக் கடக்க ஆரம்பிச்சிடுச்சாம். நமக்கு மழைதான், ஏரி பத்தி ஒண்ணும் சொல்லல. நீங்க தூங்குங்க" என்று எங்களுக்கு அவர்தான் செய்தி வாசித்தார்.

அந்த ஆரஞ்சு ரேடியோக்கள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? ஒன்று என் மேஜையில் தூசி படிந்து கிடக்கிறது. மற்றொன்றை அம்மா செந்துறையில் மாட்டுக் கொட்டகைக்கு டார்ச்சாக எடுத்துப் போகிறார். கைப்பிடியைச் சுற்றினால் வெளிச்சம் நன்றாகத்தான் வருகிறதாம்.